அப்பாடா என்றவர்

பேராசிரியருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் இருந்தார். அவரும் தங்கமான மனிதர், ஓய்வு பெற்ற மேஜர். செய்திச் சேனலின் மாலை விவாதத்தில் மேஜருக்கு இடப்பக்க நாற்காலி, பேராசிரியருக்கு வலப்பக்க நாற்காலி. எங்கோ கண்காணாத தூரத்தில் ஒரு பெரிய நாடு தன் பக்கத்து நாட்டுக்குள் பீரங்கிகளை ஓட்டிக்கொண்டு நுழைந்த நாள் முதல் இந்த ஏற்பாடு. சின்ன நாடு எப்படியும் தலைநிமிர்ந்துவிடும் என்பார் மேஜர். பெரிய நாடு வைத்த காலை எடுக்காது, சமாதானம் என்ற பேச்சே வீண் என்பார் பேராசிரியர். இருவரும் தொண்டை கிழியக் கத்திவிட்டு, மேக்கப்பைத் துடைத்துக்கொண்டு, சேனல் கொடுக்கும் ஒரே காரில் சர்க்கரை மாத்திரைகளைப் பற்றிப் பேசியபடி வீட்டுக்குப் போவார்கள்.

கல்லூரியில் அவர் அரசியல் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சு மட்டுமல்ல, முதல் பெஞ்சும் தூங்கும். டிவிக்கு வந்த பிறகோ தெருவே அவரை நிமிர்ந்து பார்த்தது. மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "சார், சண்டை எப்ப சார் முடியும்?" என்று கேட்பார். "இப்போதைக்கு இல்லை" என்று உதட்டைப் பிதுக்குவார் பேராசிரியர், முடிவு ஏதோ தன் கையில் இருப்பதுபோல. இந்த ஒரு கேள்விக்காகவே தலைவலி இல்லாத நாளிலும் மருந்துக் கடைப் பக்கம் போய்வருவார். மனுஷனுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

அவர் மனைவிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் வேலை. பிரியப் போகிறோம் என்று வரும் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசிப் பார்க்கும் ஆலோசகர். அவளுடைய அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், கண் துடைக்க ஒரு டிஷ்யூ டப்பா. பேப்பர் வெயிட் கிடையாது. இருந்த ஒன்றை ஒரு கணவர் எப்போதோ எறிந்துவிட்டார். அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம். உன் குறையைச் சொல்லும் முன், எதிரே இருப்பவரின் குறையை நீ சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் உன் முறை. பல பேருக்குத் தங்கள் முறை வருவதற்குள் கத்துவதற்குத் தெம்பே இருக்காது. அவள் வேலையைப் பற்றிப் பேராசிரியர் இத்தனை வருடத்தில் கேட்டதெல்லாம் "இன்னிக்கு எத்தனை ஜோடி?" என்பதுதான். பதில் வருவதற்குள் ரிமோட்டைக் கையில் எடுத்துவிடுவார்.

வினை ஒரு மூக்குக் கண்ணாடியில் ஆரம்பித்தது. அன்று மாலை அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மனைவி கோர்ட்டிலிருந்து திரும்பியவள், ஆட்டோ பிடித்து சேனலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே நேரத்தில் மேஜர் வீட்டிலிருந்து போன். தொண்டை அடைத்துக்கொண்டு குரலே வரவில்லை, டாக்டர் பேசக் கூடாது என்றுவிட்டார். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் நேரம். நெறியாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். காலி நாற்காலியைப் பார்த்தார், வாசலில் கண்ணாடிக் கூட்டோடு நின்ற அம்மாளைப் பார்த்தார்.

"மேடம், சும்மா உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுங்க. மிச்சத்தை சார் பாத்துக்குவார்."

"ஆமாமா, நான் பாத்துக்கறேன்," என்றார் பேராசிரியரும். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அதை நினைத்து அவர் பின்னால் பலமுறை தன் நாக்கையே கடித்துக்கொண்டார்.

அன்று அவர் எல்லைக் கோட்டிலிருந்து ஆரம்பித்து, துறைமுகம், பழைய ஒப்பந்தம், இரண்டு ராணுவங்களுக்கும் நடுவே வேண்டிய இடைவெளி என்று ஒரு சுற்று வந்து முடித்தார். நெறியாளர் இடப்பக்கம் திரும்பி, இந்தப் போருக்கு மேடம் என்ன காரணம் நினைக்கிறார் என்று கேட்டார்.

"எனக்கு ஒப்பந்தமெல்லாம் தெரியாதுங்க," என்றாள் மனைவி. "ஆனா அந்தப் பெரிய நாடு பேசறதைக் கேட்டா, எங்க அறையில தினமும் கேக்கற மாதிரியே இருக்கு. 'அவ என்னில பாதிங்க, நான் இல்லாம அவளுக்கு ஏது வாழ்க்கை'ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். விட்டுப் போனவ கஷ்டப்பட்டா அவர் பேசாம இருந்துடுவார். போனவ நல்லா இருக்கா பாருங்க, அதுதான் அவருக்குத் தாங்கல."

கேமராவுக்குப் பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். பேராசிரியர் பேசும்போது அந்த ஆள் கொட்டாவிதான் விடுவார்.

"அப்போ சமாதானம் வரவே வராதா மேடம்?" என்று கேட்டார் நெறியாளர்.

"வரும். யார் பண்ணது சரின்னு முடிவு கட்டிட்டு வராது. முதல்ல ஏதாவது ஒரு சின்ன விஷயம் நடக்கணும். குழந்தையை ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் அனுப்பறேன்னு ஒருத்தர் ஒத்துக்குவாங்க. சொன்ன நேரத்துக்குக் குழந்தை திரும்பி வந்துட்டா, அடுத்த வாரம் ரெண்டு பேர் குரலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதே மாதிரி, ரெண்டு நாடும் பிடிச்சு வெச்சிருக்கற கைதிங்களை மாத்திக்கட்டும். குளிர் வர்றதுக்குள்ள அது நடக்கும்னுதான் எனக்குத் தோணுது. அது நடந்தா மத்தது மெல்ல வரும்."

அவ்வளவுதான். மறுநாள் காலை அந்தத் துண்டு வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போனில், "அப்பா, அம்மா செம! போனை அம்மாகிட்ட குடுங்க," என்றாள். இதுவரை அவள் அப்பாவின் ஒரு விவாதத்தைக்கூடப் பார்த்ததில்லை, பாடம் நிறைய இருக்கிறது என்பாள். மருந்துக் கடைக்காரர் அவரைக் கண்டதும் எட்டி அவருக்குப் பின்னால் பார்த்தார். "மேடம் வரலையா சார்? கைதிங்களை எப்ப விடுவாங்கன்னு கேக்கணும்."

பேராசிரியர் அன்று மாத்திரை வாங்காமலே திரும்பினார். வயிறு எரிந்தது. அல்சர் என்று நினைத்துக்கொள்ள அவருக்கு ஆசைதான்.

மேஜர் மகன் வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். இடப்பக்க நாற்காலி மனைவிக்கே வந்தது. 'வீட்டுக்குள் போர்' என்று தலைப்புப் போட்டு சேனல் விளம்பரம் செய்தது. முன்பெல்லாம் கார் வந்துவிட்டதென்று நெறியாளர் பேராசிரியருக்குப் போன் செய்வார். இப்போது அவளுக்குச் செய்து, "சாரையும் கூட்டிட்டு வந்துடுங்க மேடம்" என்கிறார், ஏதோ குடையைக் கொண்டுவரச் சொல்வதுபோல. ஒப்பனை அறையில் மேக்கப் போடும் அம்மாள், "மேடம் முகத்துக்கு ஒண்ணுமே வேணாம், இயற்கையாவே களையா இருக்கு," என்று பஞ்சால் ஒற்றிவிட்டு, இவர் பக்கம் திரும்பி, வழுக்கையின் பளபளப்பு அடங்கும்வரை பவுடரை அறைவாள். மனைவி கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அது வேறு அவருக்கு ஆத்திரமாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம் அவள்.

இருந்தும் ஒருநாள் அவர் நல்ல கேள்வியாகத்தான் கேட்டார். "அடிச்சவனையும் அடி வாங்கினவனையும் ஒரே மேஜையில உக்கார வெச்சு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி டீ குடுப்பீங்களா? இது என்ன நியாயம்?"

கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இது அவளை மடக்கிவிடும் என்று உள்ளூர நம்பினார்.

"அடிச்சவர் அடிச்சவர்தான். அதை நான் அழிக்கலயே," என்றாள் அவள். "அதுக்கு ஜட்ஜ் இருக்கார், மேல் மாடியில. என் அறை இன்னொரு அடி விழாம பாத்துக்கறதுக்குத்தான். ரெண்டு அறையும் வேணுங்க. ஜட்ஜ் வர்றவரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்னு விட முடியுமா?"

நெறியாளரே கைதட்டிவிட்டார். பேராசிரியருக்குக் காதில் புகை வராத குறை. அந்தக் கொதிப்பில் வாய் முந்திக்கொண்டது.

"இந்தக் கைதி மாற்றம் நடக்கவே நடக்காது! எழுதி வெச்சுக்கங்க. நடந்தா நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்து போயிடறேன். இதுக்கப்புறம் இங்க உக்காரவே மாட்டேன்."

நெறியாளர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அன்று முதல் சேனல் அந்த ஒரு வாக்கியத்தை விளம்பரத்துக்கு விளம்பரம் ஓட்டியது. வீட்டுக்குத் திரும்பும் காரில் மனைவி, "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? டிவிக்காரங்க விடமாட்டாங்களே," என்றாள் கவலையோடு. அவள் தன் நாற்காலிக்குக் குறிவைத்துவிட்டு நடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அப்படி இல்லையென்று தெரிந்தும் தோன்றியது. பொறாமை பிடித்தவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும், அதுதான் அந்த நோயின் விசேஷம்.

அடுத்த வாரம் இரண்டு நாடுகளும் பேச உட்கார்ந்தன. அதற்கடுத்த வாரம் ஒப்புக்கொண்டன. எல்லை ஆற்றுப் பாலத்தில் காலை நேரத்தில் கைதிகளை மாற்றிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. ஒரு பக்கத்திலிருந்து பேருந்துகள் வரும், மறு பக்கத்திலிருந்தும் வரும், பாலத்தின் நடுவே ஆட்கள் இறங்கி நடப்பார்கள். மனைவி அந்தச் செய்தியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். "பாவம், அவங்கவங்க வீட்டுல இன்னிக்கே சமைக்க ஆரம்பிச்சிருப்பாங்க," என்றாள். பேராசிரியர் நாளிதழுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

நாற்காலி போகப்போகிறது. மேஜரோடு மோதிய காலத்தில் அவர் ஊர் அறிந்த மனிதர், இனி மேடம் வீட்டுக்காரர். மருந்துக் கடையில், கல்லூரியில், காய்கறிக் கடையில், எங்கே போனாலும் மேடம் வீட்டுக்காரர். அவர் பேச்சுவார்த்தைச் செய்திகளைத் துருவித் துருவிப் படிக்க ஆரம்பித்தார். ஒரு தளபதி முறைத்தார் என்று வந்தால் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. ஒரு தூதர் சிரித்தார் என்று வந்தால் பகீரென்றது. வேண்டுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் வேண்டுதலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

குறித்த நாள் காலையில் அவர் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மனைவி தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேடையில் கிடந்த போன் மினுங்கியது. எடுத்துப் பார்த்தார். 'பாலத்தில் குண்டுவீச்சு. கைதிகள் மாற்றம் நின்றது.'

"அப்பாடா!" என்றார் பேராசிரியர்.

அது வாயிலிருந்து வரவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. நாள் கணக்கில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் சொல்வதுபோல வந்தது. "சொன்னேனா இல்லையா! நான் அப்பவே சொன்னேன்! கைதி மாற்றம் நின்னு போச்சு, பாலத்து மேல குண்டு போட்டுட்டாங்க!"

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. மனைவி குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"பாலத்து மேலயா? பஸ்ஸுல யாராவது இருந்தாங்களா?"

அதை அவர் இன்னும் படிக்கவில்லை. படித்தார். "முதல் பஸ் ஏறியிருக்கு," என்றார்.

"எத்தனை பேரு?"

"தெரியலையாம்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு கோர்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். டீயில் ஆடை கட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு டீயையும் தொட்டியில் கொட்டினார்.

அன்று மாலை நெறியாளர் கொண்டாட்டமாக ஆரம்பித்தார். "சார் சொன்னது பலிச்சிடுச்சு! மேடம், தோல்வியை ஒத்துக்கறீங்களா?"

அவள் காலையில் நடந்ததை இங்கே போட்டு உடைக்கப் போகிறாள் என்று பேராசிரியர் பயந்தார். அவள் உடைக்கவில்லை.

"ஆமாங்க, நான் சொன்னது நடக்கல. சார் சொன்னதுதான் நடந்துச்சு," என்றாள். "அவர் பக்கத்தை நானே சொல்லிடறேன். அவர் சொல்றது என்னன்னா, பலம் இருக்கறவனுக்குச் சமாதானம் தேவைப்படற நாள் வர்றவரைக்கும், சமாதானப் பேச்சுங்கறது அவனுக்கு மூச்சு வாங்கிக்கற நேரம். அதை நம்பிப் பாலத்து மேல ஏறறவங்கதான் சாகறாங்க. நம்பிக்கை குடுக்கறதும் ஒரு பாவம்னு சொல்றார். இன்னிக்கு அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சரிதானா சார்?"

"ஆமா, அதுதான்," என்றார் பேராசிரியர். வேறென்ன சொல்வது. இத்தனை நாளாக அவர் பீரங்கி, துறைமுகம் என்று சுற்றிச் சுற்றிச் சொல்ல வந்தது அதுதான். அவர் அதை ஒருமுறைகூட இப்படிச் சொன்னதில்லை. ஜெயித்த நாளிலும் மனுஷனுக்கு நிம்மதி இல்லை. தன் கட்சியைக்கூட அவள் தன்னைவிட நன்றாகப் பேசிவிட்டாளே என்று மறுபடியும் பற்றிக்கொண்டது.

நிகழ்ச்சி முடிந்து இருவரும் ஒப்பனை அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மேக்கப் அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடியைச் சுற்றி வரிசையாக பல்புகள். அவள் பஞ்சில் எண்ணெய் தொட்டு அவரிடம் நீட்டினாள். பிறகு தனக்கும் எடுத்துக்கொண்டாள்.

"உங்க பக்கத்தை நான் சொல்லிட்டேன்," என்றாள், கண்ணாடியில் அவரைப் பார்த்து. "இப்ப என் குறையை நீங்க சொல்லுங்க."

"இது என்ன, உன் கோர்ட்டா?"

"சொல்லுங்களேன்."

அவர் நெற்றியைத் துடைத்தார். "நீ சொன்னது நடக்கலைன்னு உனக்கு வருத்தம்."

"அது இல்ல."

"எல்லாரும் பாக்க உன்கூட நான் சண்டை போட்டேன். நாற்காலி, அது இதுன்னு சவால் விட்டேன்."

"அதுவும் இல்ல. அது உங்க தொழில்."

"நீ எவ்வளவு காலமா இந்த வேலை பாக்கறே, என்ன பண்றேன்னு நான் ஒருநாளும் உக்காந்து கேட்டதில்ல."

அவள் கை ஒரு கணம் நின்றது. "இருக்கு. ஆனா அது பழசு. இன்னிக்கு இல்ல."

பஞ்சு அழுக்காகிவிட்டது. அவர் அதை மடித்து இன்னொரு பக்கத்தால் கன்னத்தைத் தேய்த்தார். பவுடர் போன இடத்தில் அவருடைய சொந்தத் தோல், களைத்துப்போய், திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சொல்ல வேண்டியது எது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அவளுடைய அறையில் உட்காரும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

"காலையில," என்றார். "ஒரு பஸ் பாலத்து மேல நின்னப்ப, நம்ம அடுப்படியில நின்னு நான் அப்பாடான்னேன்."

"ஆமா," என்றாள் அவள். "அதுதான்."

அவள் கண் நிரம்பியிருந்தது. அங்கே டிஷ்யூ டப்பா இல்லை. எண்ணெய்ப் பஞ்சால் துடைத்துக்கொள்ளப் போனவளைத் தடுத்து, அவர் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"இப்ப உங்க முறை," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்க குறையைச் சொல்லுங்க."

எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தார். மகள் போனைக் கேட்டது, மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தது, கார், பவுடர், நெறியாளரின் கைதட்டல், எல்லாம் மனசுக்குள் வரிசைகட்டி நின்றன. வாயைத் திறந்தால் அவற்றில் ஒன்றுகூட வெளியே வரும் தகுதியில் இல்லை.

"நீ நல்லா பேசறே," என்றார். "எனக்குத் தாங்கல."

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அறையில் செய்வதுபோலவே அதை அப்படியே எடுத்துத் திருப்பிச் சொன்னாள். "நான் நல்லா பேசறேன். உங்களுக்குத் தாங்கல."

"ஆமா. அதுதான்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நெறியாளர் ஓடிவந்தார், கையில் போன். "மேடம்! சார்! பாலத்தை விட்டுட்டு வடக்கு ரோடு வழியா மாத்திக்கிட்டாங்க! குண்டு விழுந்ததுக்கப்புறமும் ரெண்டு பக்கமும் பின்வாங்கல. மிச்ச பஸ் எல்லாம் தாண்டிடுச்சு, பாருங்க, படம் வந்துட்டே இருக்கு." போனை அவர்களுக்கு நடுவே நீட்டினார். பேருந்துப் படியில் ஒருவன் இறங்கினான். ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் நின்றான். யாரோ ஓடிவந்து அவன் தோளில் ஒரு போர்வையைப் போட்டார்கள். நெறியாளர் உற்சாகம் தாங்காமல், "சார், அப்போ நாளையிலேர்ந்து அந்த நாற்காலி..." என்று ஆரம்பித்து, இருவர் முகத்தையும் பார்த்துப் பாதியில் நிறுத்தி, போனை அங்கேயே வைத்துவிட்டு நழுவினார்.

பேராசிரியர் தலையைத் தூக்கினார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். அது தொங்கிப்போயிருந்தது. போர்வை போர்த்திய மனிதனைப் பார்த்த பிறகும், முதலில் வந்து நின்றது அந்த நாற்காலிதான். மனைவியும் அதே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளிப்பதற்கு அவரிடம் பவுடர்கூட மிச்சமில்லை.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம் இரு," என்றார் பேராசிரியர். "சந்தோஷப்பட்டுட்டு வரேன்."

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.